சேலம் எங்கே சார்?

கொச்சி யூதர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார் சார். அதில் ஏ. பி. சேலம் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. கீழத்தஞ்சை விவசாயக் கூலிகளின் வரலாற்றை எழுதப்போகிறேன் என்று உட்கார்ந்த ஒருவர், பி. சீனிவாசராவின் பெயரைச் சொல்லாமலே எழுதி முடித்துவிட்டால் திருத்துறைப்பூண்டியில் அதை மறதி என்று யாராவது நம்புவார்களா? பி.எஸ்.ஆர். நினைவிடம் இருக்கும் ஊர் இது. டீக்கடையில் பேப்பர் படிப்பவர்கூட ‘ஏன் விட்டார்?’ என்று கேட்பார். சேலத்தை விட்டதற்கும் காரணம் உண்டு. அந்த மனிதரை உள்ளே விட்டால் சாரின் கட்டுரை மூன்றாம் பக்கத்தைத் தாண்டாது.

சார் இந்த ஊரில் பலருக்கு வாத்தியார். அவர் மேடையில் பேசினால் நானும் கடைசிவரை இருந்து கேட்பவன்தான். ஆனால் மரியாதை ஆளுக்கு, வாதத்துக்கு அல்ல.

அவர் சொல்வது மூன்று. முதலாவது: உலகமே யூதரை விரட்டியபோது அவர்களை மடியில் வைத்துக் காத்த ஒரே நாடு இது, யூத வெறுப்பு இந்த மண்ணில் முளைக்காத விதை. இரண்டாவது: அப்படி வந்து தங்கியவர்கள் தங்களுக்குள் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று பிரிந்துகொண்டார்கள், நிறவெறி அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது, எனவே ‘எங்களை வெறுக்கிறார்கள்’ என்று உலகெங்கும் புலம்ப அவர்களுக்கு அருகதை கிடையாது. மூன்றாவது: இன்றைய தமிழ்நாட்டில் யூதரின் நிலையில் இருப்பவர்கள் பிராமணர்கள்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். நான்காம் பக்கத்தில் அருகதை இல்லாதவன் என்று எந்த யூதனை வாசலோடு நிறுத்தினாரோ, அதே யூதனின் காயத்தை ஆறாம் பக்கத்தில் இரவல் வாங்கித் தன் உடம்பில் ஒட்டிக்கொள்கிறார். யூதரின் துயரம் வெறும் புலம்பல் என்றால் அந்த ஒப்புமை எதற்கு? துயரம் நிஜம் என்றால் நான்காம் பக்கம் எதற்கு? இரண்டில் ஒன்றைச் சார் கிழித்துப்போட வேண்டும். எதைக் கிழிப்பது என்பதை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

முதல் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தான். வட்டெழுத்தில் வெட்டிய செப்பேடு. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையோடு எழுபத்திரண்டு சிறப்புகளை அவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் அது தருகிறது. பகல்விளக்கு, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று போகிறது பட்டியல். சார் இதைப் பெருமிதத்தோடு எடுத்துக் காட்டுகிறார். ஐரோப்பாவில் யூதன் சட்டையில் மஞ்சள் அடையாளம் குத்தியபோது இங்கே அவனுக்குப் பல்லக்கு கொடுத்தோம் என்கிறார்.

கொடுத்தோம்தான். ஆனால் ஒருவனுக்குக் குடை பிடிக்க உரிமை என்று செம்பில் வெட்டிக் கொடுக்கிறார்கள் என்றால், குடை பிடிக்கக் கூடாதவர்கள் அதே ஊரில் இருந்தார்கள் என்று பொருள். பல்லக்கில் ஏறுகிறவனுக்குச் சாசனம் உண்டு, தூக்குகிறவனுக்கு ஏது சாசனம்? மழைக்குக் குடை பிடிப்பதற்கு அரசனிடம் செப்பேடு வாங்க வேண்டிய சமூகத்தை ‘சகிப்புத்தன்மை’ என்று எழுதுவதற்கு முன் சார் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நம் பக்கத்தில் மிராசுதார் வீட்டு வாசலைத் தாண்டும்போது தோளில் இருந்த துண்டை இடுப்புக்கு இறக்கிய தலைமுறை இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அவர்களிடம் அந்தச் செப்பேட்டைப் படித்துக் காட்டினால் அரை நிமிஷத்தில் விளங்கிக்கொள்வார்கள். யூதருக்கு இங்கே கிடைத்தது சமத்துவம் அல்ல, சாதி அடுக்கில் வசதியான ஒரு படி. வெறுப்பு இல்லாத இடத்தில் வரவில்லை அவர்கள். வெறுப்பதற்கு வேறு ஆட்கள் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த இடத்துக்கு வந்தார்கள்.

அந்தப் படியும் எப்போதும் பத்திரமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1524-ல் கொடுங்கல்லூர் யூதர்கள் தாக்கப்பட்டு, வீடுவாசலை விட்டுக் கொச்சிக்கு ஓடினார்கள். 1560-ல் கோவாவில் போர்ச்சுகீசியரின் மத விசாரணை மன்றம் உட்கார்ந்தது. இந்திய மூலிகைகளைப் பற்றி முதல் பெரிய ஐரோப்பிய நூலை எழுதிய கார்சியா த ஓர்த்தா, கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவர் சகோதரி கத்தரீனாவை 1569-ல் கோவாவில் உயிரோடு எரித்தார்கள். இறந்துபோயிருந்த கார்சியாவையும் விடவில்லை. 1580-ல் எலும்பைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். 2008 நவம்பரில் மும்பையில் யூத மையமான நாரிமன் ஹவுஸுக்குள் நுழைந்தவர்கள் யாரைத் தேடி நுழைந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதெல்லாம் வெளியார் செய்தது என்பார் சார். இருக்கட்டும். 1939-ல் நாக்பூரிலிருந்து வந்த கோல்வால்கரின் நூல் வெளியார் எழுதியதா? ஜெர்மனி தன் இனப் பெருமையைக் காக்க யூதரை அகற்றியதை எடுத்துச் சொல்லி, இந்துஸ்தானம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. ‘முளைக்காத விதை’ என்றாரே, விதை நேர்த்தியே செய்து வைத்திருந்தார்கள். இன்றும் நம் மாவட்டங்களில் புத்தகக் கண்காட்சி போட்டால், அப்துல் கலாமுக்குப் பக்கத்தில் தன்னம்பிக்கை நூல் மாதிரி ஹிட்லரின் சுயசரிதை அடுக்கியிருக்கும். பிளஸ் டூ பையன் தள்ளுபடி விலையில் வாங்கிப் போவான். கண்டிப்பான அப்பாவுக்கு ‘ஹிட்லர்’ என்று செல்லப்பெயர் வைக்கிறோம். 1982-ல் சிவாஜி நடித்த படத்துக்கே ‘ஹிட்லர் உமாநாத்’ என்று பெயர். செண்பகராமன் பிள்ளை ஹிட்லரை மன்னிப்புக் கேட்க வைத்தார் என்ற கதையை மேடைக்கு மேடை சொல்லிப் பூரிக்கிறோம். இந்தியரை இழிவாகப் பேசியதற்கு அவன் மன்னிப்புக் கேட்டானா என்பதுதான் நமக்கு அக்கறை. அறுபது லட்சம் பேரைக் கொன்றதைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வரி வராது. யூதரே கண்ணில் படாத ஊரில் யூத வெறுப்பு இல்லை என்று சொல்வதில் என்ன சாதனை இருக்கிறது?

‘நம்மைப் போன்ற நாகரிகம் அப்படிச் செய்திருக்காது’ என்ற இந்தத் தொனி டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதற்காகவும், செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ்க்கோர்ட்டு தண்டனை கொடுத்தது. உயர்நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்றை இங்கே யாரும் மறக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரிய நிலவுடைமைக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது தீர்ப்பு. செய்தவனின் அந்தஸ்தே அவனுக்குச் சாட்சி. சாரின் முதல் வாதமும் அதே தீர்ப்புதான், ஒரு தேசத்துக்காக எழுதியது.

தேதி இன்னொன்றும் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார். இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. சகிப்புத்தன்மையின் சின்னம் என்று எல்லாரும் பேசினார்கள். சாரும் அந்தத் தபால்தலையைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார், ஆனால் தேதி போடவில்லை. 1968 டிசம்பர் 15. வெண்மணிக்குப் பத்து நாள் முன்பு.

இனி இரண்டாவது வாதம். கட்டுரையின் முதுகெலும்பு இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கொச்சியில் பாகுபாடு இருந்ததா? இருந்தது. சார் சொன்னதைவிட மோசமாக இருந்தது. ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் விரட்டப்பட்டும், பிறகு சிரியா முதலிய இடங்களிலிருந்தும் வந்தவர்கள் பரதேசி யூதர்கள், பேச்சுவழக்கில் வெள்ளை யூதர்கள். அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே வேர்விட்டவர்கள் மலபாரி யூதர்கள். வந்தவர்கள் இருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் அடிமைகளின் வாரிசு, உங்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டோம் என்றார்கள். இரண்டு கூட்டத்திலும் அடிமைகள் இருந்தார்கள். மதம் மாற்றி விடுவிக்கப்பட்ட அந்த அடிமைகளின் சந்ததிக்கு ‘மெஷுஹ்ராரிம்’ என்று பெயர். பரதேசி ஆலயத்தில் அவர்களுக்கு உள்ளே ஆசனம் கிடையாது. முன்கூடத்தில் தரையிலோ படியிலோ உட்கார வேண்டும். தோரா வாசிக்க அழைக்க மாட்டார்கள். கல்யாண சம்பந்தம் இல்லை. செத்தால் அதே இடுகாட்டில் இடமும் இல்லை.

கோயிலுக்கு வெளியே நின்றவர்கள், தனிச் சுடுகாடு, தனிக் கிணறு. இந்தப் பட்டியலைத் திருத்துறைப்பூண்டி வட்டத்தில் வாசித்தால் ஒருவரும் இது எந்த நாட்டுக் கதை என்று கேட்க மாட்டார்கள். ஆனால் சாருக்கு இது ‘யூத ரத்தத்தில் இருக்கிற நிறவெறி’யாகத் தெரிகிறது!

ரத்தத்தில் இருந்ததா, ஊரில் இருந்ததா என்று பார்க்க ஒரு சாட்சி இருக்கிறது. 1520 வாக்கில் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி கெய்ரோவுக்குப் போனது. அன்று யூத மதச் சட்டத்தில் பெரிய பெயர் டேவிட் இப்னு அபி ஸிம்ரா. எங்கள் ஊரில் எண்ணிக்கையில் சிறிய பணக்காரக் கூட்டம் மற்றவர்களை அடிமை வழி என்று சொல்லிச் சம்பந்தம் பண்ண மறுக்கிறது, இது சரியா என்று கேட்டார்கள். சடங்குப்படி நீரில் முழுகி எழுந்துவிட்டால் அவர்கள் முழு யூதர்கள், பெண் கொடுக்கலாம், எடுக்கலாம் என்று பதில் வந்தது. பிறகு அலெக்சாந்திரியாவின் ஜேக்கப் காஸ்ட்ரோவும் அதே பக்கம்தான் தீர்ப்பளித்தார். கொச்சிப் பணக்காரர்கள் என்ன செய்தார்கள்? மதத்தின் தீர்ப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஊர் வழக்கத்தை நானூறு ஆண்டு பின்பற்றினார்கள். அக்கம்பக்கத்தில் நம்பூதிரி, நாயர், ஈழவர், புலையர் என்று தீண்டும் தூரத்தை அடிக்கணக்கில் அளந்து வைத்திருந்த ஊர் அது. கொச்சி சமஸ்தானத்தில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்ததே 1854-ல்தான். அந்த ஊரில் மதிப்பாக வாழ வேண்டுமானால் உனக்குக் கீழே ஓர் ஆள் வேண்டும். வெள்ளைத் தோல் பெருமையைப் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடிமையை விலைக்கு வாங்கிய பாவம் யூத முதலாளிகளுடையதே, அதைக் கழுவிவிட நான் வரவில்லை. ஆனால் படிக்கட்டில் உட்காரவைக்கும் நுட்பத்தை அவர்கள் எருசலேமிலிருந்து மூட்டை கட்டி வரவில்லை.

இப்போது சேலம். நம் சேலத்துக்காரர் அல்ல. ஆபிரகாம் பராக் சேலம், 1882-ல் கொச்சியில் மெஷுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்தவர். அந்தச் சமூகத்திலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள், சென்னையில் சட்டம் படித்தவர், கொச்சி சட்டமன்றத்தில் 1925 முதல் உறுப்பினர். 1929 லாகூர் காங்கிரஸில், பூரண சுயராஜ்யம் தீர்மானமான அந்த மாநாட்டில், நேரில் இருந்தவர். கொச்சியில் படகோட்டிகளுக்காகச் சங்கம் கட்டப் பாடுபட்டவர். ‘யூத காந்தி’ என்று பெயர் வாங்கியவர். இத்தனையும் ஆனபின் ஜெபத்துக்குப் போனால் உட்கார இடம் படிதான். வக்கீல் என்று கோர்ட்டில் நாற்காலி, சட்டமன்றத்தில் நாற்காலி, கடவுள் முன்னால் தரை.

வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் சத்தியாகிரகம் தொடங்கி, ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறைப்பட்ட கதையை நம்மில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கொச்சி அங்கிருந்து எட்டும் தூரம். அதே காலத்து ஆயுதத்தைத்தான் சேலம் எடுத்தார். ஆலயத்தைப் புறக்கணித்தார், பிறகு உள்ளேயே உட்கார்ந்து சத்தியாகிரகம் செய்தார், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். 1932 வாக்கில் பின்வரிசைப் பெஞ்சுகள் கிடைத்தன. பின்வரிசைதான். முன்னேறுவதற்கு இன்னும் பல வருஷம் பிடித்தது. 1950-ல் அவர் மகன் பால்ஃபர் ஒரு வெள்ளை யூதப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டபோது, கொச்சி ஆலயத்தில் நடத்த விடவில்லை. பம்பாய்க்குப் போய் நடத்தினார்கள். திரும்பி வந்து அந்தப் பெண் ஆலயத்தின் பெண்கள் மாடத்துக்குள் காலடி வைத்ததும் மற்றப் பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். கூடவே வளர்ந்தவர்கள், ஒரே தெருக்காரர்கள்.

சாரின் ‘ரத்தம்’ இங்கே நின்றுவிடுகிறது. படியில் உட்காரவைத்தவரும் யூதர், படியில் உட்கார்ந்து எழ மறுத்தவரும் யூதர். இருவருக்கும் ஒரே மறைநூல். முதலாமவரை மட்டும் யூதர் என்று எண்ணி, இரண்டாமவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால்தான் ‘அவர்கள் பிறவியிலேயே அப்படி’ என்று எழுத முடியும். அதைத்தான் செய்திருக்கிறார். ஒரு கூட்டத்தில் கொடுமை செய்தவனை அந்தக் கூட்டத்தின் பிரதிநிதியாக்கி, எதிர்த்தவனை விதிவிலக்காகக்கூடக் காட்டாமல் அழிப்பது யூத வெறுப்பின் மிகப் பழைய வேலைமுறை. யூத வெறுப்பே இல்லாத மண் என்று முதல் பக்கத்தில் எழுதியவர் நான்காம் பக்கத்தில் அதைத் தன் கையாலேயே நட்டிருக்கிறார்.

அப்புறம் அந்த ‘அருகதை.’ தன் வீட்டுக்குள் அநியாயம் இருக்கிறவன் வெளியே நியாயம் கேட்கக் கூடாது என்ற இந்த வாதத்தைக் கீழத்தஞ்சையில் யார் யாரிடம் சொல்வார்கள் என்பது சாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரட்டைக் குவளையைப் பற்றிப் பேசப் போனால் கடைக்காரர் சொல்வார்: “நீங்க மட்டும் யோக்கியமா தம்பி? உங்க தெருவுல புதிரை வண்ணாரை வூட்டுக்குள்ள விடுவீங்களா? பள்ளரும் பறையரும் சம்பந்தம் வெச்சுக்குவீங்களா? மொதல்ல அதைச் சரிபண்ணிட்டு வாங்க.” கேள்வியில் உள்ள உண்மை சுடும். புதிரை வண்ணாருக்கு நடப்பது அநியாயம்தான், அதைச் சேரிக்குள்ளேயே கேட்டாக வேண்டும். ஆனால் கடைக்காரர் புதிரை வண்ணாருக்காகவா கண்ணீர் விடுகிறார்? குவளையை மாற்றாமல் இருக்க அவரைக் கேடயமாகப் பிடிக்கிறார். அடுக்கடுக்கான ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஓர் ஆளைக் கொடுத்துவிட்டால் யாராலும் நிமிர்ந்து கேட்க முடியாது. சார் மெஷுஹ்ராரிமுக்காக எழுதியிருந்தால் அவர்களுடைய வக்கீலின் பெயர் கட்டுரையில் இருந்திருக்கும்.

வேண்டுமானால் நானே இன்னும் சான்று தருகிறேன், சார் பட்டியலில் இல்லாதவை. கொங்கணக் கரையிலிருந்து இஸ்ரேல் போன பெனே இஸ்ரேல் யூதர்கள் அங்கே நிறப் பாகுபாட்டைக் கண்டு, எங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று 1951-ல் மறியல் செய்தார்கள். அடுத்த ஆண்டு சிலர் இந்தியா திரும்பினார்கள். 1960-களின் தொடக்கத்தில் தலைமை ரபீக்கள், பெனே இஸ்ரேலைக் கல்யாணம் செய்வதற்கு முன் தலைமுறை தலைமுறையாகப் பூர்வீகம் விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடி 1964-ல் அதைத் தளர்த்த வைத்தார்கள். எத்தியோப்பிய யூதர்கள் தானம் கொடுத்த ரத்தத்தை இஸ்ரேலின் ரத்த வங்கி ரகசியமாகக் கொட்டிவந்தது 1996-ல் வெளியானது. ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ரத்தத்தைப் பற்றி எழுத ஆசைப்பட்ட சார் இதையாவது தேடிப் பிடித்திருக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் கேட்டது யார்? யூதர். யாரிடம்? யூதரிடம். அந்தச் சண்டை அந்த வீட்டுக்குள் இன்னும் ஓயவில்லை.

அமெரிக்காவிலும் இதே இழுபறி. 1964-ல் மிசிசிப்பியில் கறுப்பரின் வாக்குரிமைக்காக வேலை செய்த மூன்று இளைஞர்களை இனவெறியர்கள் கொன்று மண் அணைக்குள் புதைத்தார்கள். ஜேம்ஸ் சேனி கறுப்பர், ஆண்ட்ரூ குட்மனும் மைக்கேல் ஷ்வெர்னரும் யூதர். அடுத்த ஆண்டு செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்கோடு ரபீ ஆபிரகாம் ஜோசுவா ஹெஷல் நடந்தார். 1968-ல் நியூயார்க்கில் பள்ளி நிர்வாகத் தகராறில் யூத ஆசிரியர்களும் கறுப்பினப் பெற்றோரும் எதிரெதிரே நின்றார்கள், அந்தக் கசப்பு இன்றும் முழுதாக ஆறவில்லை. ஆனால் 2017-ல் சார்லட்ஸ்வில்லில் பந்தம் ஏந்தி ஊர்வலம் போன வெள்ளை இனவெறியர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை. கறுப்பரை வெறுத்த அதே வாயால் யூதரையும் சேர்த்துக் கோஷமிட்டார்கள். மறு ஆண்டு பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன் சொன்ன காரணம், யூத அமைப்பு ஒன்று அகதிகளுக்கு உதவுகிறது என்பது. யூத வெறுப்பும் நிறவெறியும் தனித்தனிக் கணக்கு, ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துவிடலாம் என்று சார் போட்ட கணக்கு, கொலைகாரர்களுக்கே தெரியாத கணக்கு.

மூன்றாவது வாதம் புதிதல்ல. அசோகமித்திரனே 2005-ல் ஓர் ஆங்கில வார இதழ்ப் பேட்டியில் இந்த ஒப்புமையைச் சொன்னார். அவ்வளவு நிதானமான எழுத்தாளர் வாயிலிருந்து வந்ததாலேயே அது சரியாகிவிடாது. ஐரோப்பாவின் பெரும்பாலான பகுதிகளில் யூதன் பல நூற்றாண்டுகள் நிலம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் வட்டிக்கும் வியாபாரத்துக்கும் தள்ளப்பட்டான், பிறகு வட்டிக்காரன் என்றே அடிக்கப்பட்டான். காவிரிக் கரையில் பிராமணர் நிலை என்ன? சோழர் காலத்துப் பிரம்மதேயச் செப்பேடுகளைப் படிக்க வேண்டாம், ஊர்ப்பெயர்களில் எத்தனை சதுர்வேதிமங்கலம் இருந்தது என்று எண்ணினாலே போதும். ஒரு மா நிலம்கூடச் சொந்தமாக இல்லாதவனும், வேலிக்கணக்கில் இறையிலி நிலம் பெற்றவனும் ஒரே தட்டா? 1935-ல் ஜெர்மனி யூதரின் குடியுரிமையையே பறித்தது. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவு அரசு வேலைகளைப் பங்கு பிரித்தது. குடியுரிமை போனதற்கும், கிட்டத்தட்ட முழுசாக இருந்த வேலைகள் பங்காகக் குறைந்ததற்கும் வித்தியாசம் தெரியாதவர் அல்லர் சார்.

பூணூல் அறுத்ததும் குடுமி அறுத்ததும் நடந்திருக்கின்றன. அது ரவுடித்தனம். எந்தக் கொள்கையின் பெயரால் செய்தாலும் அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அதைக் கண்டிக்க அவுஷ்விட்ஸைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை.

இதே ஊரில் ஒருவர் கதையைச் சொல்கிறேன். தென் கன்னடப் பகுதிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, தமிழே தடுமாறும் நிலையில் 1943-ல் இந்தப் பக்கம் வந்தவர் பி.எஸ்.ஆர். சாட்டையடியும் சாணிப்பாலும் பண்ணையாளுக்கு அன்றாடத் தண்டனையாக இருந்த காலம். சேரியில் தங்கி, சேரியில் சாப்பிட்டு, சங்கம் கட்டினார். 1944-ல் மிராசுதார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அந்தத் தண்டனைகளை விடுவதாக ஒத்துக்கொண்டார்கள். 1948-ல் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டுப் போலீஸ் தேடியபோது அவரை மறைத்து வைத்தவர்கள் பள்ளரும் பறையரும். அவரோடு சங்கத்தில் இருந்த களப்பால் குப்பு சிறையிலேயே செத்தார். ஐரோப்பாவில் யூதரைப் பரணில் ஒளித்து வைத்தவர்களைப் பற்றிச் சார் நெகிழ்ந்து எழுதுகிறார். நம் தாலுகாவில் ஒரு பிராமணரை ஒளித்து வைத்த குடிசைகள் எந்தத் தெருவில் இருந்தன, அவரைப் பிடிக்கத் துடித்தவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று பார்த்தால், யார் இங்கே யூதர் என்ற கேள்வியை மறுபடி எழுப்ப அவருக்கே கூச்சமாக இருக்கும்.

என் பக்கத்து ஆட்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் சார் ‘பார்த்தீர்களா’ என்பார். அதே ஒப்புமையைத் தலைகீழாகப் பிடித்து, ‘பார்ப்பானும் யூதனும் ஒன்று, இருவரும் ஒளிந்திருந்து உலகை ஆள்கிறவர்கள்’ என்று பேசுகிற தோழர்கள் இருக்கிறார்கள். காஸாவில் நடக்கும் கொலைகளைக் கண்டிக்க ஏறிய மேடையில் ‘இஸ்ரேல் அரசு’ என்று தொடங்கி, கைதட்டல் கூடக்கூட ‘யூதன்’ என்று இறங்குகிறவர்களையும் கேட்டிருக்கிறேன். இலுமினாட்டி, ராத்ஸ்சைல்ட் என்று யூடியூபில் ஒரு தலைமுறையே கெட்டுப்போயிருக்கிறது. டெல்டாவில் மீத்தேன் எடுக்க வந்த கம்பெனிக்குப் பெயரும் ஆபீஸும் இருந்தன, அனுமதி கொடுத்த அரசுகளுக்குத் தேர்தல் சின்னம் இருந்தது. அவர்களை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத யூதனைத் தேடுவது மிராசுதாருக்கும் கம்பெனிக்கும் செய்கிற உபகாரம். இவர்களுக்கும் சாருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்ல முடியும்.

பதில் எழுதப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். சேலம் பெயர் இந்த முறை வரும். எப்படி வரும் என்றும் ஊகிக்க முடிகிறது: “சேலமே கொச்சியை விட்டுப் போகவில்லையே, கடைசிவரை இந்தியாவில்தானே இருந்தார்!” இருந்தார், 1967-ல் இங்கேதான் கண்ணை மூடினார். ஆனால் 1950-களில் மலபாரி யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியபோது, கொச்சியில் யானைக்கால் நோய் இருக்கிறது என்று சொல்லி இஸ்ரேல் அதிகாரிகள் அவர்களை இழுத்தடித்தார்கள். அந்த ஏழை ஜனங்களுக்காக அலைந்து பேசி வழி வாங்கிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். போக விரும்பியவர்களுக்காக அங்கே வாதாடினார், இருக்க விரும்பிய தனக்காக இங்கே வாதாடினார். எனவே அவர் தங்கியதை நற்சான்றிதழாக மாட்டி வைக்கும் முன், 1950-ல் அவர் மகன் கல்யாணம் ஏன் பம்பாயில் நடந்தது என்பதைச் சார் முதல் பத்தியிலேயே எழுதிவிடட்டும்.